மூச்சு வாங்காத சாக்ஸபோன்

சாக்ஸபோன்காரர் மூச்சு வாங்கவே இல்லை என்பதை ரோசரி இரண்டாவது பாட்டின் நடுவில்தான் கவனித்தாள்.

ஊதுகிறவர் காற்றை உள்ளே இழுக்கும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் அவள் பியானோவில் தன் விரல்களை நுழைப்பது வழக்கம். இந்த ஆளிடம் இடைவெளியே வரவில்லை. வழக்கமாக ஊதுகிறவர் காய்ச்சலில் படுத்துவிட, டிரம்ஸ் வாசிக்கும் ரத்தினவேல் மெட்ராஸ் ரயிலிலிருந்து இறங்கிய இவரை ஜங்ஷனிலிருந்தே கூட்டி வந்திருந்தான். "புது மாதிரி ஜாஸாம் அக்கா. ஆடறதுக்கு இல்ல, உக்காந்து கேக்கறதுக்காம்" என்று மட்டும் சொன்னான். பெயரைக் கேட்டதாகத் தெரியவில்லை.

அறுபத்திரண்டாம் வருஷத்து ஐப்பசி மழை. பொன்மலை ரயில்வே குடியிருப்பின் ஓரத்திலிருந்த அந்தச் சிறிய ஹாலில் கதவையும் ஜன்னல்களையும் சாத்தியிருந்தார்கள். நனைந்த குடைகளின் வாடையும், கலர் சோடாவின் தித்திப்பும், மங்கிய பல்புகளைச் சுற்றிச் சுருண்ட சிகரெட் புகையும் ஒன்றாகக் கலந்து, அங்கிருந்த இருபது பேரின் தலைக்கு மேல் ஈரத்துணிபோலத் தொங்கின. முன்வரிசையில் அவள் கணவன் தர்மராஜ் இருந்தான். ஆஸ்துமாக்காரன். ஒரு வாரமாகப் படுத்துக் கிடந்தவன் பிடிவாதமாகக் கிளம்பி வந்திருந்தான்.

"ஏங்க, இந்தப் புகை உங்களுக்கு ஒத்துக்காதுங்க. வீட்டுக்குப் போயிடுங்க" என்று மேடை ஏறுமுன் கெஞ்சிப் பார்த்திருந்தாள்.

"ரெண்டு பாட்டு கேட்டுட்டுப் போயிடறேன். நீ போய் வாசி."

அவன் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போன்ற அந்த இழுப்பு, எத்தனை இரைச்சலிலும் அவள் காதுக்கு எட்டிவிடும். கல்யாணமான நாளிலிருந்து அதைக் கேட்டபடியே தூங்கிப் பழகியவள்.

இப்போது அது கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தாள். தர்மராஜ் நிமிர்ந்து, வாய் லேசாகத் திறந்து, பாட்டில் சொக்கியவன்போல உட்கார்ந்திருந்தான். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது, சாக்ஸபோனுக்குள்ளிருந்து. நீண்டுகொண்டே போன சுரத்துக்கு அடியில் அதே இழுப்பு, அதே பூனைக்குட்டிச் சத்தம். அதோடு ஒரு கிழவரின் கரகரப்பு. யாரோ ஒரு பெண்ணின் பெருமூச்சு.

புகை அசையாமல் நின்றது. அரையிருட்டில் சிகரெட் முனைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"ரத்தினம், நிறுத்து!"

டிரம்ஸ் எப்போது நின்றது என்றே அவளுக்குத் தெரியவில்லை. ரத்தினவேல் குச்சிகளை உயர்த்தியபடி இருந்தான். இமைக்கவில்லை.

அவள் பியானோவிலிருந்து கைகளை எடுத்தாள். பாட்டு ஓயவில்லை.

எழுந்து ஓடினாள். ஸ்டூல் கவிழ்ந்தது. யாரும் திரும்பவில்லை. தாழ்ப்பாள் இறுகியிருந்தது. இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். கதவு திறந்துகொள்ள, மழைக்காற்று அவள் முகத்தில் அறைந்தது.

பாட்டு அறுந்தது.

அவர் சாக்ஸபோனை நாற்காலியில் வைத்தார். கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டார். நிதானமாக நடந்து வாசலுக்கு வந்து, அவள் முகத்துக்கு வெகு அருகில் நின்றார். அவர் பேசியபோது அவள் கன்னத்தில் காற்றே படவில்லை.

"நீங்க இருங்கம்மா. கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்ல."

மழைக்குள் இறங்கிப் போய்விட்டார்.

ரோசரி முன்வரிசைக்கு ஓடினாள். தர்மராஜின் நெஞ்சில் கையை வைத்தாள். சூடு இருந்தது. வேறெதுவும் இல்லை. பக்கத்து நாற்காலிப் பெண்ணின் தோளை உலுக்கினாள். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. எல்லாருடைய கண்களும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவளும் பார்த்தாள்.

நாற்காலியில், தொடுவாரில்லாமல் கிடந்த சாக்ஸபோனின் அகன்ற பித்தளை வாய்க்குள் ஆவி படர்ந்து மங்கியது. தெளிந்தது. மறுபடியும் மங்கியது.