முத்திரை இல்லாத கெட்டில்

"ஐயோ... சார்!"

அந்த அலறலில் மூன்றாவது மாடியே அப்படியே நின்றது.

மணி பத்து ஐம்பது. பதினோரு மணிக்குக் கையெழுத்து. ஐந்து நாட்டு மின்னணுத் தொழில் சங்கங்கள் ஏழு வருடம் பேசித் தயாரித்த ஒப்பந்தம். ஒரு நாடு சோதித்த பொருளை மற்ற நான்கும் நம்பும்... மறுபடி சோதிக்காது!

அதற்காக ஓடி ஓடி உழைத்த நம் நாட்டுச் சங்கத் தலைவர், தன் அறையில் மல்லாந்து கிடந்தார். மேஜையில் பளபளவென்று ஒரு எவர்சில்வர் கெட்டில். அலறிய செயலாளர் பெண், நல்லவேளை, சுவரில் சுவிட்சை அணைத்திருந்தாள்.

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "ஷாக். உயிர் இல்ல."

பெண் இன்ஸ்பெக்டர் கெட்டிலின் அடிப்பாகத்தைக் கழற்றச் சொன்னார். பார்த்தார். புருவம் உயர்ந்தது.

"விபத்து இல்ல. எர்த் ஒயரை வெட்டி, கரண்டை வெளித்தகட்டுக்கே இழுத்து விட்டிருக்கான். இந்தக் கட்டடத்து எலக்ட்ரீஷியன் எங்கே?"

வந்தான். நாற்பது வயது. இடுப்பில் தோல் பை. அதில் கட்டிங் பிளேயர் செருகும் இடம் மட்டும் காலி!

"பிளேயர் எங்கய்யா?"

"காலையில எட்டு மணிக்குத் தலைவர் வாங்கிட்டுப் போனாரு மேடம்..."

"செத்தவரையே சாட்சிக்குக் கூப்பிடுற! கெட்டிக்காரன்தான். விலங்கை மாட்டுய்யா!"

"மேடம், பொண்ணு பரீட்சை எழுதப் போயிருக்கா. நான்தான் போய்க் கூட்டிட்டு வரணும். வாசல்ல நின்னுட்டே இருப்பா... சத்தியமா நான் இல்ல!"

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. புது வசனம் யோசிக்க மாட்டீங்களா?"

க்ளிக்!

ஆனால் இன்ஸ்பெக்டருக்கு எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. மேஜை டிராயர் பூட்டியிருந்தது. சாவி, தலைவரின் சட்டைப் பையில். திறந்தார்.

உள்ளே... கட்டிங் பிளேயர்! பக்கத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு, வெட்டி எடுத்த பச்சை எர்த் ஒயர்த் துண்டு.

கான்ஸ்டபிள் வாயைப் பிளந்தார். "அப்போ தற்கொலையா மேடம்?"

"காதோரம் பாரு. தலைக்கு டை அடிச்சு ஈரம்கூடக் காயல. சாகப்போறவன் டை அடிப்பானா?"

மூலையில் விசும்பிக்கொண்டிருந்த செயலாளர் பெண் மெல்ல வாய் திறந்தாள்.

"மேடம்... அது தலைவரோட கெட்டில் இல்ல. மூணாம் நம்பர் ரூமோடது."

"அங்க யாரு?"

"முடியாது சார்."

"என்னம்மா முடியாது?"

"இல்ல மேடம், பக்கத்து நாட்டுச் சங்கத் தலைவர். எதைக் கேட்டாலும் முடியாதும்பாரு. ஆபீஸ்ல அவருக்கு அந்தப் பேரு."

'முடியாது சார்' வரவழைக்கப்பட்டார். சோபாவில் உட்கார்ந்தார். அவர் தன் மொழியில் பேசப் பேச, செயலாளர் பெண் பெயர்த்துச் சொன்னாள்.

"போன வாரம் உங்க தலைவர் கம்பெனி சார்ஜர் பதினெட்டைச் சோதிச்சோம். பதினொண்ணு தீப்பிடிச்சுது. சான்றிதழ் எல்லாம் போலி. இன்னிக்கு மேடையிலயே சொல்லிடுவேன்னு நேத்து அவர்கிட்ட சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் விசிலடிக்காத குறை.

"ஓஹோ... குறி உங்களுக்கு! அப்புறம் எப்படிம்மா கெட்டில் இங்க வந்துச்சு?"

"எல்லா ரூமுக்கும் ஒரே மாதிரி கெட்டில் மேடம். வித்தியாசமே தெரியக்கூடாதுன்னு தலைவரோட உத்தரவு. ஆனா இவரு தலைகீழாத் திருப்பிப் பார்த்துட்டு, 'எங்க நாட்டுச் சங்கத்தோட சோதனை முத்திரை இல்ல, தொடமாட்டேன்'னுட்டாரு. அஞ்சு நாட்டு முத்திரையும் இருந்தது தலைவர் ரூம்ல இருந்த சாம்பிள்ல மட்டும்தான். விருந்தாளி மனசு கோணக்கூடாதேன்னு..."

"மாத்தி வெச்சுட்ட?"

"மாத்தி வெச்சுட்டேன் மேடம்! பார்க்க ரெண்டும் ஒண்ணாத்தானே இருந்துச்சு!"

நம்புங்கள், நம்புங்கள் என்று ஏழு வருடம் பேசியவர் தரையில். நம்பமாட்டேன் என்றவர் சோபாவில்!

"விலங்கைக் கழட்டுய்யா" என்றார் இன்ஸ்பெக்டர். எலக்ட்ரீஷியனைப் பார்த்தார். "ஜீப்ல இறக்கிவிடச் சொல்றேன். பொண்ணு காத்துட்டு இருக்கும்."

அவன் கும்பிட்டுவிட்டு ஓடினான்.

'முடியாது சார்' தன் அறையிலிருந்து கெட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். சுடச்சுடக் காபி. ஏழு வருடத்தில் முதல் முறையாகச் சிரித்தபடி, இன்ஸ்பெக்டரிடம் ஒரு கப்பை நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் குனிந்து கெட்டிலின் அடியிலிருந்த முத்திரைகளை எண்ணிப் பார்த்தார்.

"அஞ்சு முத்திரையும் இருக்கு... இருந்தாலும், முதல் கப்பை கான்ஸ்டபிளுக்குக் குடுங்க!"