மேலிருந்து பார்த்த ஊர்

சுகிர்தா டீச்சர் கரும்பலகையில் 'ஏரியல்' என்று எழுதினார்.

"இந்த வார்த்தை எந்தெந்தப் பாடத்துல வருது?"

"எங்க மாமா படகுல வயர்லெஸ்ஸுக்கு ஒரு கம்பி நிக்குது டீச்சர். அதுக்குப் பேரு ஏரியல். அறிவியல்ல வரும்!" என்றான் பைசல்.

"ஆலமரத்து விழுதும் ஏரியல் வேருதான் டீச்சர்" என்றாள் ஹேமாவதி.

"சரி, புவியியல்ல?"

டீச்சர் ஒரு பெரிய படத்தை மேசையில் விரித்தார். "ஏரியல் போட்டோ. திங்கட்கிழமை ட்ரோன் பறந்ததே, அது மேலேயிருந்து எடுத்த நம்ம ஊர்."

எல்லோரும் முண்டியடித்தார்கள். ஒரு வெள்ளைப் புள்ளியைத் தன் ஆடு என்று பைசல் அடித்துச் சொன்னான். அது தண்ணீர்த் தொட்டி.

ஹேமாவதி வலைத்திடலைத் தேடினாள். ஏரிக்கரையில் ஊரே வலை காயவைத்து, கிழிசல் தைக்கும் இடம் அது. படத்தில் அங்கே வெறும் மண்தான் இருந்தது. அதன்மேல் 'காலி இடம்' என்று அச்சிட்டிருந்தார்கள்.

"டீச்சர், காலி இடம்னா இன்னா பண்ணுவாங்க?"

டீச்சரின் முகம் வாடியது. "யாருக்கும் பயன்படலைன்னு அர்த்தம்மா. குடோன் கட்ட ஒரு கம்பெனி இடம் கேக்குதாம்."

ஹேமாவதி யோசித்தாள். திடல் போனால் வலையை எங்கே விரிப்பது? தைக்காத வலையோடு அப்பா எப்படித் தொழிலுக்குப் போவார்?

திடல் எப்படிக் காலியானது என்று அவளுக்குத் தெரியும். நிலம் அளக்க ஆபீசர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், திங்கட்கிழமை ஊரே விடியற்காலையில் துடைப்பத்தோடு இறங்கியது. வலைகளைச் சுருட்டி வீட்டுக்குள் போட்டார்கள். கூடைகளை ஒளித்தார்கள். கல்யாண வீடு மாதிரி ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு வேறு! ஆனால் ஆபீசர் யாரும் வரவில்லை. ட்ரோன் மட்டும்தான் வந்தது.

படத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: ஆட்சேபம் தெரிவித்தால் வெள்ளிக்கிழமை காலை மீண்டும் படம் எடுக்கப்படும். மறுநாள்தான் வெள்ளிக்கிழமை.

சாயங்காலம் ஊர்க்கூட்டம் கூடியது. ஆட்சேப மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, உடனே அனுப்பிவைத்தார்கள்.

"நாளைக்கு இன்னும் சுத்தமா கூட்டணும். தண்ணி தெளிச்சு கோலம் போட்டுடலாம்" என்றார் அவள் அப்பா பூவராகவன்.

"வேணாம் நைனா! கூட்டினதாலதான் இந்த வம்பே!"

"இன்னாடி சொல்ற? கிழிஞ்ச வலையைப் போட்டுக் காட்டினா நம்மள இன்னான்னு நினைப்பாங்க?"

"வலையை உள்ள வெச்சுகினு திடல் எங்களுதுன்னா எப்படி நம்புவாங்க? அந்த கேமராவுக்கு நம்ம மரியாதை தெரியாது. கீழ இருக்கிறது மட்டும்தான் தெரியும்."

பூவராகவன் தலை குனிந்து மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது அவர் தோளில் இருந்தது, வீட்டிலேயே மோசமாகக் கிழிந்த வலை.

வெள்ளிக்கிழமை காலை திடலில் கால் வைக்க இடமில்லை. பச்சை வலை, நீல வலை, நண்டு வலை எல்லாம் விரிந்து கிடந்தன. கன்னியம்மா அத்தை இறாலைக் காயப்போட்டு, காக்கா விரட்டக் குச்சியோடு உட்கார்ந்தார். ட்ரோன் வந்ததும் காக்காய்கள் தாமாகவே ஓடிவிட்டன. "இது தெனமும் வந்தா தேவலை" என்றார் அத்தை. அன்று சிரித்தது அவர் ஒருவர்தான்.

பத்து நாள் கழித்துப் புதுப் படம் பள்ளிக்கு வந்தது. பூவராகவன் ஈரக் காலோடு ஓடிவந்தார். திடல் முழுக்க வண்ணம் வண்ணமாக வலைகள். அவற்றின்மேல் 'வலை உலர்த்தும் இடம்' என்று அச்சிட்டிருந்தார்கள். அவர் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். கண் கலங்கியது.

"இதுல நான் எங்கம்மா இருக்கேன்?"

நீல வலையின் நடுவே, குனிந்து தைத்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் புள்ளியின்மேல் ஹேமாவதி விரல் வைத்தாள்.

"இங்கதான் இருக்க, நைனா."