வெள்ளைக் கல்லில் ஒரு பிறை

காலையில் ஹேமலதா அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த தட்டை நகர்த்தினாள். அடியில் ஒரு கறை இருந்தது. வெள்ளைக் குவார்ட்ஸ் மேடையில், டீ நிறத்தில், வளைவாக. பெரம்பலூரில் இந்தப் புது வீட்டுக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த செங்கமலத்தின் கை நின்றது.

"தட்டு போட்டு மூடி வெச்சிருக்கீங்க... எப்பக்கா ஆச்சி இது?"

"ஞாயித்துக்கெழம."

"பழைய கடப்பாக் கல்லுன்னு நெனச்சிட்டீங்களா? இனிமே அடுப்படிய நானே பாத்துக்கறேன். நீங்க ஒக்காந்து டிவி பாருங்க."

செங்கமலம் துருவலை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். கணவர் போன பிறகு பன்னிரண்டு வருடமாக, அவர் தம்பி மணிவேலுக்கும் அவன் மனைவி ஹேமலதாவுக்கும் சமைத்துப் போடுவதுதான் அவள் வாழ்க்கை. அடுப்படி இல்லையென்றால் இந்த வீட்டில் அவள் யார்? அரியலூரில் இருக்கும் தன் தம்பிக்குப் போன் செய்து, மத்தியான பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள்.

கறை அவள் வைத்ததல்ல. ஞாயிற்றுக்கிழமை மணிவேலும் ஹேமலதாவும் வேப்பந்தட்டைக்குக் காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். ஜெயங்கொண்டத்திலிருந்து வந்திருந்த ஹேமலதாவின் அம்மா முத்தாயிதான், செங்கமலம் துணி காயப்போட மாடிக்குப் போன நேரத்தில் சோற்றை வடித்தார். கறையைப் பார்த்ததும், மருமகன் வீட்டில் போய் இப்படி ஆகிவிட்டதே என்று கண்கலங்கினார். நான் செய்ததாகவே இருக்கட்டும் என்று செங்கமலம் சொல்லிவிட்டாள்.

ஊருக்குப் போகத் துணிகளை எடுத்து வைக்கும்போது, முன்பு இருந்த குரும்பலூர் வீட்டின் கடப்பா மேடை ஞாபகம் வந்தது. எந்தச் சூட்டையும் தாங்கும் கறுப்புக் கல். கல்யாணமான புதிதில் ஹேமலதா அதன் ஓரத்தில் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே, சட்டியிலிருந்து வறுவலை எடுத்துத் தின்பாள். 'இன்னும் ரெண்டுக்கா' என்பாள். திட்டிக்கொண்டே எடுத்துக் கொடுப்பாள் செங்கமலம்.

ஹேமலதா போனில் கூப்பிட்டிருந்த, கல் வேலை செய்யும் வேல்முருகன் பத்து மணிக்கு வந்தார். கறையை விரலால் தடவிப் பார்த்தார். இந்தக் கல்லில் பிசின் கலந்திருக்கும், சூடு பட்டால் கருகுவது அந்தப் பிசின்தான் என்றார். நல்லவேளை, மேலோடு நின்றிருக்கிறது. தேய்த்து மெருகு ஏற்றினால் முக்கால்வாசி போய்விடும், மிச்சம் லேசாகத் தெரியும். ஆசிட் மட்டும் ஊற்றக் கூடாது. பாத்திரத்துக்கு அடியில் எப்போதும் பிரிமணை வைக்க வேண்டும்.

"குக்கர இறக்கி வெச்சதுதானே?" என்றாள் ஹேமலதா.

"இல்லீங்க. குக்கர்னா முழு வட்டமா விழும். இது பிறை மாதிரி இருக்கு பாருங்க. சோறு வடிக்கையில பானையச் சாய்ப்பாங்கள்ல, அடி வெளிம்பு பட்டது. பாதி வூட்டுல இதே கததான்."

ஹேமலதா குனிந்து கறையைப் பார்த்தாள். இந்த வீட்டில் எப்போதும் குக்கர் சோறுதான். சர்க்கரைக்கு ஆகாது என்று கஞ்சி வடித்துச் சாப்பிடும் ஒரே ஆள் அவள் அம்மா.

மெருகேற்றும் மெஷின் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் செங்கமலத்தின் அறைக்கு வந்தாள். கட்டிலில் மடித்த புடவைகளைப் பார்த்தாள்.

"அம்மாதானே?"

செங்கமலம் இன்னொரு புடவையை எடுத்து மடித்தாள்.

"ஏன்க்கா வாயத் தொறக்கல... நான் அவ்ளோ பேசுனேனே."

"சொன்னா நீ அவங்கள ஒரு வார்த்த கேப்ப. அப்பறம் அவங்க இந்த வூட்டுல கை நனைப்பாங்களா? என்னைய நீ என்ன வேணாலும் சொல்லு, நான் இங்கதான கெடக்கப்போறேன்னு நெனச்சேன்."

சொல்லி முடிக்கும்போதுதான் குரல் உடைந்தது. ஹேமலதா அவள் மடியில் முகம் புதைத்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட கேக்க மாட்டேன்க்கா. சத்தியமா."

"ம்."

"நீங்க போவாதீங்க."

செங்கமலம் மூக்கைச் சிந்தி, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு போனைத் தேடினாள். அவளை அழைத்துப்போக அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிடப் போகிறான் தம்பி.