பொற்கம்பி அவிழ்ந்த மாலை

மேற்றிசையில் ஆதவன் தன் செங்கதிர்களைச் சுருட்டிக்கொண்டு மறைய, கீழ்த்திசையில் முழுமதி தயங்கித் தயங்கி எழுந்து வெள்ளாற்றின் நீர்ப்பரப்பில் வெள்ளியை உருக்கி ஊற்றத் தொடங்கிய அந்த அந்திப் பொழுதில், ஆற்றின் வடகரையில் இருந்த சோழர் பாசறை வெற்றிக் களிப்பில் மிதந்துகொண்டிருந்தது. முதல் நாள் போரில் பாண்டியப் படை தென்கரைக்குப் பின்வாங்கியிருந்தது. முரசங்கள் முழங்கின, கள்ளுக்குடங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. அன்பார்ந்த வாசகர்களே, அந்த ஆரவாரம் நமக்கு வேண்டாம். பாசறையின் கோடியில், மருத மரங்களின் அடியில், முரசு அதிரும்போதெல்லாம் உள்ளிருந்து முனகல் எழும் கூடாரம் ஒன்று இருக்கிறது. வெற்றியைப் பாடும் புலவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நாம் அங்கேதான் போகிறோம்.

கூடார வாயிலில் நின்ற ரண வைத்தியர் வரகுணை இடுக்கியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். எலும்பில் தைத்த அம்பைப் பிடுங்கும்போதும் தயங்காதவள் அவள். இன்று அவள் பிடுங்க வேண்டியதோ மயிரிழை போன்ற ஒரு பொற்கம்பிதான்.

தாடை முறிந்த வீரனுக்கு அந்நாளில் வைத்தியம் என்னவென்றால், மோவாயிலிருந்து உச்சந்தலை வரை துணியால் இறுகக் கட்டிவிட்டு ஆண்டவன்மேல் பாரத்தைப் போடுவதுதான். எலும்பு சேரும், ஆனால் கோணிக்கொண்டு சேரும். மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் மனஸ்தாபம் கொண்ட சம்பந்திகளைப்போல முகம் திருப்பி நிற்கும். அதன்பின் அந்த வீரனுக்கு ஆயுள் முழுதும் கஞ்சிதான், பேச்சும் குழறல்தான். பலரை அப்படிப் பார்த்து மனம் நொந்த வரகுணை, வேறு வழி ஒன்று கண்டாள். முறிவதற்கு முன் பற்கள் எப்படிக் கடித்தனவோ அப்படியே பொருத்தி, கீழ்ப்பற்களை மேற்பற்களோடு பொற்கம்பியால் பிணைத்துவிட்டால், எலும்பு தானாகத் தன் இடத்தில் கூடும். அதுவரை வாய் திறக்கக் கூடாது. பல் விழுந்த சந்து வழியாக நாணற்குழலில் கஞ்சி ஊட்ட வேண்டும்.

"வாயைப் பூட்டி ஒரு வைத்தியமா? குமட்டல் வந்தால் மூச்சடைத்துப் போவானே!" என்று அன்று சீறினார் தண்டநாயகர் மழவராயர். "ஒருவனுக்கு மட்டும் செய்து காட்டும், அம்மையே. பூட்டு அவிழும் நாளில் அவன் வாயால் என் பெயர் பிசகின்றி வர வேண்டும். வராவிட்டால் இந்த வித்தையை இனி என் படையில் யார்மேலும் காட்டக் கூடாது!" தம் பெயரைப் பிறர் சொல்லக் கேட்பதில் அந்த மனிதருக்கு அலாதி ஆனந்தம்.

அந்த ஒருவன், முன்னொரு மோதலில் பாண்டியரின் தண்டாயுதத்தால் தாடையில் அடிபட்டு நாணற்புதரில் கிடந்தவன். சோழப் போர்வீரன் உடையில் இருந்தவன். பெயரை எழுதிக் காட்டச் சொன்னால் எழுத்தறியேன் என்று கையை விரித்தான். அவனுக்குக் கஞ்சி ஊட்டிய மாலைகளில் வரகுணை தன் மனத்தில் கிடந்ததையெல்லாம் கொட்டினாள். குறுக்கே பேசாத ஆடவன் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை வாசகிகள் அறிவார்கள்! அவன் கண்கள் மட்டும் பதில் சொல்லின. அந்தப் பதிலிலேயே அவள் தன்னைப் பறிகொடுத்துவிட்டாள்.

நேற்றைய போரில் தாடை சிதைந்த வீரர்கள் பலர் இப்போது உள்ளே கிடந்தார்கள். தண்டநாயகர் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வீரனைக் கூடாரத்தின் முன்பகுதியில் தனியே அமர்த்திக் கம்பியை மெல்ல முறுக்கி உருவினாள். அவன் வாய் சிறிது சிறிதாகத் திறந்தது.

"வரகுணை..." என்றான்.

அவள் கண்கள் நிறைந்தன. "எங்கே, தண்டநாயகர் பெயரைச் சொல்லும், பார்ப்போம்."

அவன் தலை கவிழ்ந்தான். அவள் மீண்டும் மீண்டும் கெஞ்சிய பின் சொன்னான். "மளவராயர்."

வரகுணைக்கு நெஞ்சம் பதறியது. தாடை கோணிவிட்டது, நா மடியவில்லை, எல்லாம் வீண்! பதற்றத்தோடு அவன் வாய்க்குள் விரலை விட்டுத் தடவினாள். எலும்பில் சிறு மேடுகூட இல்லை. கொட்டைப்பாக்கு ஒன்றைக் கடிக்கச் சொன்னாள். அது நொறுங்கித் தூளாயிற்று. பற்கள் பழுதின்றிக் கூடியிருந்தன. அப்படியானால் பிசகு தாடையில் இல்லை. ழகரம் ளகரமாக ஒலிக்கும், அவன் பேசிப் பழகிய மண்ணில் இருந்தது.

"நீர்... தென்கரையைச் சேர்ந்தவரா?"

"ஆம், வரகுணை. நான் ஒற்றன்."

அவளுக்கு அழக்கூட நேரமில்லை. "வைத்தியம் பொய்த்துவிட்டது என்று சொல்லிவிடுகிறேன். குழறல் என்று அவர் நம்பிவிடுவார். நீர் பிழைத்துப் போகலாம்!"

"உள்ளே கிடப்பவர்கள்?"

வெளியே குதிரைக் குளம்பொலி கேட்டது.

மழவராயர் காவலர்கள் சூழ, மீசையை முறுக்கியவாறு நுழைந்தார். "வாய் திறந்ததா? சொல், வீரனே! என் பெயர் என்ன?"

"மளவராயர்."

தண்டநாயகரின் முகம் கறுத்தது. "என் பெயரையே சிதைத்துவிட்டான்! அம்மையே, உமது வித்தை இவ்வளவுதானா?"

வரகுணை உள்ளிருந்து வந்த முனகலைக் கேட்டாள். எதிரே நின்றவனையும் பார்த்தாள். ஆண்டுக்கணக்கில் தேடிக் கண்டதைத் தன் வாயாலேயே பொய்யாக்கத் துணிந்தாள். "ஆம், தண்டநாயகரே. என் வைத்தியம் பொய்..."

"பொய்க்கவில்லை!" என்று இடைமறித்தது அவன் குரல். பக்கத்துத் தட்டிலிருந்து இன்னொரு பாக்கை எடுத்து எல்லோரும் கேட்க நொறுக்கினான். "இந்தத் தாடையில் எள்ளளவும் குறையில்லை. கொற்கைக் கரையில் எங்கள் தாய்மார் பேசும் பேச்சு இது. கொற்கைக் காவலர் மகன் நான், பாண்டியரின் ஒற்றன். என் பெயர் வளுதி."

காவலர்களின் வாள்கள் உறையைவிட்டு வெளிவந்தன. மழவராயர் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார். வீம்புக்காரர்தான், ஆனாலும் சொன்ன சொல்லை விழுங்குகிறவர் அல்லர்.

"ஒற்றனுக்கு என்ன தண்டனை என்பது உனக்குத் தெரியும்" என்றார், குரல் தாழ்ந்து. பிறகு வரகுணையின் பக்கம் திரும்பினார். "அம்மையே, மற்றவர்களுக்கும் கம்பி கட்டும். பொன் என் கருவூலத்திலிருந்து வரும்."

அவன் கைகளைப் பின்னால் பிணைத்து அழைத்துச் சென்றார்கள். நிலவு ஏறிவிட்ட ஆற்றங்கரைப் பாதையில் அவன் திரும்பிப் பாராமல் நடந்தான். திரும்பினால் தன் உறுதி குலைந்துவிடும் என்று அஞ்சினான் போலும். இத்தனை நாள் பெயர் தெரியாமல் நேசித்தவனை ஒரு முறையேனும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று வரகுணையின் உயிர் துடித்தது. அந்தப் பெயரை ழகரம் பிசகாமல் உச்சரிக்க அவள் சோழநாட்டு நாவுக்குத் தெரியும். ஆயினும் அவன் தாய் எப்படி அழைத்திருப்பாளோ, அப்படியே அழைத்தாள்.

"வளுதி!"

அவன் திரும்பினான்.