பசிக்காத பிள்ளை

காது மருத்துவரான அவளை ஒரு பெரிய மாநாட்டில் பேச அழைத்திருந்தார்கள். வேறு நகரம், மூன்று நாள். பச்சைக் குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று கண்டுபிடிப்பது பற்றி அவள் செய்திருந்த முதல் ஆய்வை அங்கே விளக்க வேண்டும். அழைப்பு வந்தபோது அவள் மகனுக்கு ஏழு மாதம். வீட்டில் அவனுக்குப் பெயர் உருண்டை. மசித்த பழம் கொஞ்சம் தின்பான், மற்றபடி தாய்ப்பால்தான். புட்டியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போனாலே தலையைத் திருப்பிக்கொண்டு ஊரைக் கூட்டிவிடுவான்.

எனவே பயண ஏற்பாடு முழுவதும் அந்தப் பிள்ளையின் பசியைச் சுற்றியே நடந்தது. விமானம் ஏறினால் அவனுக்குக் காது வலிக்கும் என்று ரயிலில் கீழ்ப்படுக்கையாகப் பார்த்துப் பதிவு செய்தாள். கணவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த தங்கையைக் கேட்டாள். வீட்டில் உட்கார்ந்து அப்பாவிடம் திட்டு வாங்குவதற்கு உருண்டையின் அழுகையே தேவலை என்று தங்கை அன்றைக்கே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

தங்கும் இடம்தான் இழுத்தடித்தது. மாநாட்டு மண்டபத்தை ஒட்டிய விடுதிகளில் ஓர் அறைகூட இல்லை. அமைப்பாளர்கள் ஒதுக்கித் தந்த விடுதி நகரின் மறுகோடியில் இருந்தது. மதிய இடைவேளையில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப அது சரிப்படாது. கைப்பேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில், மண்டபத்துக்குப் பின்தெருவில் ஒரு பழைய வீட்டின் மாடி வாடகைக்கு இருப்பது தெரிந்தது. நடந்தே போய்விடலாம்.

"சுத்துவட்டாரமே நிரம்பி வழியுது, இது மட்டும் எப்படிக் காலியா கிடக்கு?" என்று கணவன் கேட்டான். தன் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் பணத்தைக் கட்டினாள்.

அவர்கள் போய் இறங்கிய சாயங்காலம் மழை தூறிக்கொண்டிருந்தது. ஒடுக்கமான தெருவில் தோளோடு தோள் ஒட்டி நின்ற வீடுகளில் அது கடைசி. சாவியோடு காத்திருந்த காவல்காரர் வயதானவர், அதிகம் பேசாதவர். பெட்டிகளைத் தூக்கக் குனிந்தவர், தங்கையின் தோளில் தூங்கிய உருண்டையைப் பார்த்ததும் அப்படியே நிமிர்ந்தார்.

"கைக்குழந்தை வருதுன்னு சொல்லலையேம்மா."

பதிவு செய்யும்போது குழந்தைகளைக் கணக்கில் சேர்க்கச் சொல்லவில்லை என்றாள் அவள். அவர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டார். மரப்படி கிறீச்சிட முன்னால் ஏறிப் போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

உயரமான கூரையும் அகலக் கட்டிலும் கொண்ட அறை. சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சன்னல் பக்கம் போனால் மட்டும் லேசாக ஒரு வாடை அடித்தது. புளித்த வாடை. மழைக்காலத்துச் சுவரென்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் கிளம்பும்போது, தங்கை மடியில் இருந்த உருண்டை திடுமெனத் தலையைத் திருப்பினான். முதலில் கண், பிறகு கழுத்து, பிறகு முகம் முழுவதும் சன்னலோரத்துக்குப் போனது. ஒரு சத்தம் காதில் விழும்போது குழந்தைகள் எப்படித் திரும்புவார்கள் என்பது அவளுக்குத் தொழில். ஆயிரம் குழந்தைகளிடம் பார்த்திருக்கிறாள்.

அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

மதியம் மார்பு கனத்து வலிக்க ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். உருண்டை சிரித்துக்கொண்டு கிடந்தான். மடியில் போட்டதும் வாயை இறுக மூடிக்கொண்டான். வயிறு கும்மென்று இருந்தது. என்ன கொடுத்தாய் என்று கேட்டதற்கு, பழத்தைக்கூட அவன் தொடவில்லை என்றாள் தங்கை. ஊர் மாறினால் பிள்ளைகள் அப்படித்தான் என்று தன்னையே தேற்றிக்கொண்டு, பாலைப் பீய்ச்சி எடுத்துக் கொட்டிவிட்டு மண்டபத்துக்குத் திரும்பினாள். அன்று இரவு அவள் பக்கத்தில் படுத்து வழக்கம்போலக் குடித்தான்.

இரண்டாம் நாள் அவள் பேசினாள். நன்றாகவே பேசினாள். முன்வரிசையில் இருந்த பெரிய மருத்துவர்கள் இருவர் எழுந்துவந்து கை கொடுத்தார்கள். அந்தச் சந்தோஷத்தோடு படியேறி வந்தவள், பிள்ளையைத் தூக்கி முகர்ந்தாள்.

அவன் வாயில் பால் மணந்தது.

தன் பாலின் மணம் அவளுக்குத் தெரியும். இது வேறு. இன்னும் கனமாக, இன்னும் இனிப்பாக இருந்தது. சன்னலோரத்தில் புளித்துக் கிடந்தது, புதிதாகக் கறந்தபோது எப்படி மணந்திருக்குமோ, அப்படி.

தங்கை கடையில் பால்மாவு வாங்கிக் கரைத்துக் கொடுத்திருக்கிறாள், திட்டு விழும் என்று மறைக்கிறாள் என்று அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. கேட்கக் கூடாத வார்த்தையெல்லாம் கேட்டாள். தங்கை அழுதாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"நான் தூங்கிடுறேன்கா. நீ போன கொஞ்ச நேரத்துல. தூக்கம் வந்து தூங்கலை... யாரோ என் தலையில கை வச்சு அமுக்குற மாதிரி இருக்கு."

ஊர் சுற்றும் ஆசையில் இராத்திரியெல்லாம் கைப்பேசி பார்த்தால் அப்படித்தான் என்று அக்கா வெடுக்கென்று சொல்லிவிட்டாள். ஆனால் தங்கை சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை.

மூன்றாம் நாள் காலைக் கூட்டத்தில் அவளால் உட்கார முடியவில்லை. மேடையில் யாரோ படங்களைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள். வெளியே நல்ல வெயில். தெருவில் ஒருவன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுக் கொடியில் துணிகள் அசையாமல் தொங்கின.

மரப்படி கிறீச்சிடாதபடி ஓரமாகக் காலை வைத்து ஏறினாள். தன் பிள்ளை இருக்கும் அறைக்கு ஏன் இப்படித் திருடி மாதிரி போகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

பாதிப் படியில் அந்தச் சத்தம் கேட்டது.

சப்புகிற சத்தம். ஒரு மடக்கு. ஒரு மூச்சு. மறுபடி சப்புகிற சத்தம்.

கதவு சாத்தாமல் இருந்தது.

தங்கை சுவரோர நாற்காலியில் தலை மார்பில் கவிழ்ந்து கிடந்தாள். கைப்பேசி அவள் காலடியில் விழுந்திருந்தது. உருண்டை கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தான். அவனுக்கு எதிரே மெத்தை நீளமாகக் குழிந்திருந்தது. ஓர் ஆள் பக்கவாட்டில் படுத்தால் குழிகிற அளவுக்கு.

அங்கே யாரும் இல்லை.

அவன் உதடுகள் வட்டமாக விரிந்து அசைந்துகொண்டிருந்தன. ஒரு கை மேலே தூக்கியிருந்தது. விரல்கள் வெறும் காற்றைத் தடவி, பிடித்து, விட்டன. கடைவாயிலிருந்து வெள்ளையாக ஒரு சொட்டு வழிந்து காதுமடலுக்கு ஓடியது. கண்கள் பாதி சொருகி, அண்ணாந்து யாரையோ பார்த்துக்கொண்டிருந்தன. பால் குடிக்கும்போது அவன் அவளை மட்டுமே அப்படிப் பார்ப்பான் என்று அதுவரை நினைத்திருந்தாள்.

முதலில் வந்தது பயமில்லை, பொறாமைதான். அதைப் பிற்பாடு யாரிடமும் அவள் சொல்லவில்லை.

பாய்ந்து போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். அவன் வரவில்லை. வயிறு நிறையுமுன் மார்பிலிருந்து பிய்த்தெடுத்தால் எப்படி வாயை விடாமல் இழுப்பானோ, அப்படி இழுத்தான். இன்னொரு தரம் இழுத்தாள். உதடுகள் 'ப்ளக்' என்று விடுபட்டன. வீல் என்று அலறினான்.

குழிந்த மெத்தை மெல்ல மெல்ல மேலெழும்பிச் சமமானது.

பக்கத்தில், அவள் காதுக்கு வெகு அருகில், யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

தங்கையை உலுக்கி எழுப்ப வெகுநேரம் பிடித்தது. விழித்தவள் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து பெட்டியை இழுத்தாள். கைக்கு அகப்பட்டதைப் பெட்டியில் திணித்துக்கொண்டு இருவரும் படியிறங்கினார்கள். வாசலில் காவல்காரர் நின்றிருந்தார். சாவியை வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"குடிச்சானா?"

 அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"குடிச்சா நல்லதும்மா. குடிக்காத பிள்ளைன்னா, அவ அழ ஆரம்பிச்சிடுவா. அந்த அழுகையைக் கேக்க முடியாது."

யார் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவர் வாசற்கதவைச் சாத்திக்கொண்டார்.

ரயில் வரும்வரை நிலையத்து விளக்கடியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். வழி முழுக்க உருண்டை அவள் பாலைத் தொடவில்லை. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி எதையோ தேடித் தேடி அழுதான். வீட்டுக்கு வந்த மறுநாள் விடியும்போது தானாகவே அவள் மேல் ஊர்ந்து வந்து குடித்தான். அவள் சத்தம் வராமல் அழுதாள். கணவனிடம் நடந்ததைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை, நம்பவும் இல்லை. களைப்பு என்றான். நாள் போகப் போக அவளும் அதையே சொல்லிக்கொள்ளப் பழகினாள்.

மாதம் ஒன்று கழிந்தது. தங்கைக்கு வேலை கிடைத்தது. அந்தச் செய்தியோடு ஒரு விடுமுறை நாள் முற்பகலில் அக்கா வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் அக்கா காய் நறுக்க, தங்கை மேடையில் சாய்ந்து நின்று, தன் மேலதிகாரி மூக்கால் பேசுவதை நடித்துக் காட்டினாள். வெகுநாள் கழித்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த உருண்டை விழித்து அழுதான்.

கத்தியை வைத்துவிட்டுத் திரும்பிய அக்கா, அப்படியே நின்றாள். தங்கையின் வெளிர்நீலச் சட்டையில், மார்பின் இரண்டு பக்கமும், ஈரம் வட்டமாகப் படர்ந்துகொண்டிருந்தது.

அக்காவின் பார்வை போன இடத்தைத் தங்கையும் குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டாள். கனமாக, இனிப்பாக, அந்த மாடியறையின் பால் மணம் எழுந்தது.

"அக்கா," என்றாள், குரல் எழும்பாமல். "நான் தண்ணி எதுவும் சிந்தலையே."

உள்ளே அழுகை சட்டென்று நின்றது.