பின்னறையிலிருந்து ஒரு பதில்

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பைத் தாண்டி உள்ளே திரும்பும் தெருவில், கீழே டைல்ஸ் கடை, மேலே அந்த ஆபீஸ். வெயில் ஏறுவதற்குள் ரேஷ்மா வந்துவிட்டாள். வேலை நிரந்தரமாகுமா இல்லையா என்பது அன்று சாயங்காலம் தெரிந்துவிடும். ஆகாவிட்டால் கூடுவாஞ்சேரியில் அண்ணன் வீட்டு ஹாலில், அண்ணியின் முகத்தைப் பார்த்தபடி இன்னும் எத்தனை மாதமோ.

சர்வர்களின் நலம் விசாரிக்கும் கருவி ஒன்றை அந்தக் கம்பெனி செய்திருந்தது. ஏஐ ஏஜென்ட்கள் அதைக் கொண்டு ஒவ்வொரு சர்வரையும், உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும். வருகிற பதிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை ரேஷ்மா எழுதும் கையேட்டைப் படித்துத்தான் அவை தெரிந்துகொள்ளும். சர்வர்கள் இருக்கும் பின்னறையின் கரண்ட், ஏசி, கதவு எல்லாமே அவற்றின் பொறுப்பு. கையேட்டில் ஒரு வரி மாறினால், அந்த நிமிஷமே அவையும் மாறிவிடும்.

எதையும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு எழுதுவது அவள் வழக்கம். அப்படிப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. பின்னறையின் கடைசி அடுக்கில் இருந்த சர்வரைக் கழற்றிப் பல மாதமாகிறது. இப்போது அங்கே வெறும் இரும்புச் சட்டம்.

அந்த வெற்றிடம் பதில் சொன்னது.

உயிரோடு இருக்கிறேன்.

வெப்பநிலை என்ற இடத்தில், மனித உடம்பின் சூடு.

பக்கத்து மேசை எழில் எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்துப்போய், காதோடு சொன்னான். அந்த அடுக்கைப் பார்த்துக்கொண்டவன் பிரிட்டோ. போன மே மாதம் ஏசி நின்று, கதவும் சிக்கிக்கொண்டு, உள்ளேயே செத்துப்போனான். வெகுநேரம் தட்டியிருக்கிறான். வெளியே இருந்த மேனேஜர் சுகுமார், மெஷின் சத்தம் என்று நினைத்து எழுந்துகூடப் போகவில்லையாம்.

சுகுமாரிடம் போய்க் காட்டினாள். அவர் திரையைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

"பேய்க்கும் சேர்த்து டாக்குமென்ட் எழுதப் போறியாம்மா? அந்தப் பதிலை நம்பாதேன்னு ஒரு வரி போடு. கிளையன்ட் பார்க்கும்போது அது கண்ணுல படக் கூடாது. பட்டா, உன் கன்ஃபர்மேஷனை மறந்துடு."

அவசரத்தில் எழுதினாள். பின்னறையிலிருந்து வரும் எந்தப் பதிலையும் நம்ப வேண்டாம், இறந்ததாகக் கொள்ளவும். கடைசி அடுக்கு என்று எழுதியிருக்க வேண்டும். அறையையே எழுதிவிட்டாள்.

சேமித்தாள்.

இறந்த அறைக்கு எதற்கென்று ஏஜென்ட்கள் அணைத்துவிட, பின்னறை ஏசியின் இரைச்சல் அடங்கியது.

கதவிடுக்கிலிருந்து மெல்ல ஒரு வாடை கசிந்து வந்தது. சூடேறிய ஒயர், அதற்கு அடியில் நாள்பட்ட வியர்வை. சுகுமார் யாரையோ திட்டிக்கொண்டே உள்ளே போனார். அவர் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

உள்ளேயிருந்து அழைப்புப் பொத்தானை அமுக்கினார். ரேஷ்மாவின் திரையில் எழுத்துகள் ஓடின. பின்னறையிலிருந்து அழைப்பு. நம்பத் தக்கதல்ல. கதவு திறக்கப்படாது.

சுகுமார் தட்டத் தொடங்கினார். படபடவென்று.

அதே கதவில், இன்னும் கீழே, இன்னொரு தட்டல்.

அதற்கு அவசரமே இல்லை.

எழில் தோளைக் கொடுத்து முட்டினான். கதவு அசையவில்லை. உள்ளே சுகுமாரின் குரல் கிசுகிசுப்பாக இறங்கியிருந்தது.

"ரேஷ்மா, திற... என் தோள் மேல யாரோ கை வெச்சிருக்காங்க."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பூட்டியது அவள் எழுதிய வரி. அதை அழித்தால் கதவு திறக்கும். வேலை போகும். அந்த இன்னொருவனின் பதிலும் உண்மையென்று ஆகிவிடும். விரல் அழிக்கும் விசைமேல் நின்றது. உள்ளே சுகுமாரின் தட்டல் மட்டும் ஓய்ந்துபோனது.

அழித்தாள்.

கதவு திறந்து சுகுமார் தரையில் வந்து விழுந்தார். மூச்சு இருந்தது. பேச்சு இல்லை. எழில் அவரைத் தாங்கிப் பிடித்தபோது, திரையில் புதிதாக ஒரு வரி.

உள்ளே போனவர் ஒருவர். வெளியே வந்தவர் இருவர்.

ஆம்புலன்ஸ் வந்து சுகுமாரை ஏற்றிக்கொண்டு போனதும், ரேஷ்மா வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாமென்று கிளம்பிவிட்டாள். தாம்பரம் வந்து ரயிலேறி, கூடுவாஞ்சேரி வீட்டுக்குள் நுழைந்தவள், நேராக உள்ளறையில் போய்ச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அண்ணி சத்யபிரியா வந்தாள். இத்தனை மாதத்தில் முதன்முறையாக, முகமெல்லாம் சிரிப்பு.

"உனக்கு வேலை கன்ஃபர்ம் ஆயிடுச்சாம், ரேஷ்மா. உங்க ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் வந்திருக்கார். கையோட கூட்டிட்டுப் போகணுமாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பாவம், சட்டையெல்லாம் வேர்வையில தெப்பலா நனைஞ்சிருக்கு. விரல் முட்டியில தோலே இல்லை. மருந்து போட்டு, ஹால்ல உட்கார வெச்சிருக்கேன்."