பச்சை அடித்த செம்புப் பட்டை

முதலில் எழுந்து நின்றது அவளுடைய இடது முன்கை மயிர்.

பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் நிரப்பும் அறையின் வாசலை நெருங்கும்போது, காற்றே அசையாத அந்த வறண்ட பிற்பகலில், எறும்பு ஊர்வதைப் போல ஏதோ ஒன்று மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மெல்ல ஏறிப் போனது. குனிந்து பார்த்தாள், எறும்பு ஒன்றும் இல்லை, மயிர்கள் மட்டும் அவள் சுருட்டிவிட்டிருந்த நைலான் கோட்டுக் கையின் பக்கமாகச் சாய்ந்து நின்றன.

"பாருங்கப்பா, படிச்ச பொண்ணு வந்தா முடிகூட எந்திரிச்சு மரியாதை குடுக்குது," என்றார் சூப்பர்வைசர். லாரியில் டிரம் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் முதல் பட்டதாரி; இந்த பெயின்ட் ஆலையில் மூன்று மாதமாகப் பாதுகாப்பு அலுவலர். அதாவது, காகிதத்தில் கையெழுத்துப் போடும் ஆள். உள்ளே தின்னர் நிரப்பிக்கொண்டிருந்தவர் அவளுடைய அப்பா. இருபத்திரண்டு வருடமாக அவர் சட்டையோடு வீட்டுக்கு வந்த அந்த நாற்றத்தில் உட்கார்ந்துதான் அவள் படித்தாள்.

குழாயில் உரசி ஓடும் தின்னர் மின்சாரத்தையும் சுமந்துகொண்டுதான் டிரம்மில் விழும். டிரம்மைக் கவ்விய கிளிப்பிலிருந்து ஒரு கம்பி சுவரோரச் செம்புப் பட்டைக்குப் போகும். அந்த வழியாக அது மண்ணில் இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் அங்கேயே தங்கும். யாராவது தொடும்வரை. தொட்டால் ஒரு பொறி; தின்னர் ஆவி பற்றிக்கொள்ள அது போதும்.

காலையில் எட்டிப் பார்த்தபோது கம்பியின் இரண்டு முனையிலும் கிளிப் கவ்வியிருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

இப்போது கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கிளிப் கவ்வித்தான் இருந்தது. செம்பின் நிறத்தைத்தான் எங்கும் காணோம். நாளை ஆய்வுக்கு வருகிறார்கள் என்று நேற்றே தரைக்கும் சுவருக்கும் பச்சை அடித்தவர்கள், பட்டைக்கும் சேர்த்து இரண்டு கோட் அடித்திருந்தார்கள். கிளிப் வெறும் பெயின்ட்டைக் கடித்துக்கொண்டிருந்தது.

"சார், நிறுத்தச் சொல்லுங்க. எர்த்தே இல்ல."

"கிளிப் போட்டிருக்குல்ல? காலைல நீதானேம்மா கையெழுத்துப் போட்ட?"

"பட்டை மேல பெயின்ட் அடிச்சு வச்சிருக்காங்க சார்!"

"அழகாத்தானே இருக்கு. இன்னும் நாலே டிரம்மு. சும்மா பூச்சி காட்டாத." அவர் லாரிப் பக்கம் போய்விட்டார்.

கதவைத் தட்டினாள். அப்பா திரும்பவில்லை, பெயின்ட் கலக்கும் மிக்சரின் சத்தம் அவர் காதை என்றோ தின்றுவிட்டிருந்தது. மேல்தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் வால்வு அவர் பக்கத்தில்தான்; அதை மூடினால்தான் தின்னர் நிற்கும். எரிச்சலும் பயமுமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

பத்து அடி போன பிறகுதான் உறைத்தது.

ஆய்வுக்காகக் கொடுத்த புது ரப்பர் ஷூ. புதுப் பெயின்ட் தரை. காலோடு ஒட்டி ஒட்டிப் பிரியும் நைலான் கோட்டு. ஒவ்வொரு அடிக்கும் சடசடவென்று ஒரு சின்னச் சத்தம். அவள் நின்றாள். தலைமுடி நெற்றியை விட்டு விலகி மிதந்தது. டிரம்மின் வாயிலிருந்து ஆவி நெளிந்து வழிந்து, தரையோடு தரையாக அவள் முழங்கால் வரை வந்துவிட்டிருந்தது.

உடம்பில் ஏறிய மின்சாரத்தைத் தொட்டு இறக்க ஒரு வெற்று இரும்பு வேண்டும். எல்லாம் பச்சை.

திரும்பி நடந்தால் இன்னும் ஏறும்.

அப்பா நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். அவள் இரண்டு உள்ளங்கையையும் தூக்கிக் காட்டினாள். வேண்டாம்.

முதல் வாரம் இதே வாடையில் மயங்கி விழுந்தபோதும் அவள் இப்படித்தான் கையைத் தூக்கியிருந்தாள். அவர்தான் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்.

"என்ன கண்ணு, தல சுத்துதா?" முகமூடிக்குள்ளிருந்து குரல் கம்மி வந்தது.

"வராதீங்கப்பா! தொடாதீங்க!"

"ஆங்? இரு, இரு. அப்பா வரேன்."

அவள் ஓரடி பின்வாங்கினாள். சடசட. விழப்போகிறாள் என்று அவர் பதறினார். இடது கை டிரம்மின் விளிம்பிலேயே இருந்தது. வலது கையுறையை உதறிக் கழற்றினார். மகளின் வெள்ளைக் கோட்டில் அழுக்குப் படக் கூடாது.

"அப்பா."

ஒரு முழம்.

"பயப்படாத."

ஒரு சாண்.

அவர் புறங்கையில் நரைத்த மயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்று அவள் பக்கம் சாய்ந்தது.